கண்ணை மூடினாலும் தெரியும் ஏவிஎம்

படம் தொடங்குமுன் வரும் அந்தப் பத்துப் பதினைந்து வினாடிச் சின்னத்தைப் பற்றி யார் எழுதினாலும் உருவத்தைத்தான் எழுதுகிறார்கள். உருண்டை எப்போது சுழல ஆரம்பித்தது, எழுத்து எப்போது தங்க நிறமானது, மலையை எப்போது கணினியில் வரைந்தார்கள், இப்படி. எனக்கு அதில் அவ்வளவு ஆர்வம் கிடையாது. ஒரு பட நிறுவனம் தன் சின்னத்தில் எதை வேண்டுமானாலும் மாற்றும், பெயரைக்கூட மாற்றும், ஆனால் சத்தத்தில் கைவைக்க மட்டும் கடைசிவரை தயங்கும். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் படம் பார்த்து வளர்ந்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், மறுக்கமாட்டார்கள். எங்களில் பாதிப்பேர் இந்தச் சின்னங்களைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம்.

ஏவிஎம்மையே எடுத்துக்கொள்வோம். கறுப்பு வெள்ளையில் வந்தது, வண்ணத்துக்குப் போனது, கணினி வந்த பிறகு எழுத்துக்களுக்குப் பளபளப்பும் கனமும் ஏறியது. ஆனால் அந்த மெட்டு? அது வந்தவுடன் கொட்டகையில் பேச்சு நின்றுவிடும். கைக்குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு எதிர்வரிசையில் இடம் தேடுகிற அம்மாவுக்கும், வாசலில் கச்சாங் பூத்தே என்கிற கடலை வாங்கிக்கொண்டிருப்பவருக்கும், திரையைப் பார்க்காமலே இது யார் வீட்டுப் படம் என்று தெரிந்துவிடும். மூன்று ஆங்கில எழுத்துக்களை வாசிக்கத் தெரியாத எங்கள் பாட்டிமார்களுக்கும் அது ஏவிஎம்தான்.

இது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். மெய்யப்பச் செட்டியாரைப் படமெடுத்தவர் என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் அவர் தொழிலைத் தொடங்கியது இசைத்தட்டில். காரைக்குடியில் அப்பாவின் கடையில் இசைத்தட்டு விற்றார், அப்புறம் சென்னைக்குப் போய்ச் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று கூட்டாகக் கடை போட்டார், ஓடியன் இசைத்தட்டுக்களை வெளியிட்டார். ஜனங்கள் எதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், எது ஒரு தடவையோடு போய்விடும் என்பதைக் கல்லாவில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட ஆள். 1935-ல் எடுத்த அல்லி அர்ஜுனா தோல்வி, அடுத்ததும் தோல்வி. ஆனால் அதற்கப்புறம் அவர் பெயர் சொல்லும் காரியங்களைப் பாருங்கள், எல்லாம் காதுக்கான காரியம். 1938-ல் நந்தகுமார் படத்தில் நடித்தவருக்குப் பதிலாக வேறொருவரைப் பாடவைத்தார், தமிழ்ப்படத்தில் பின்னணிப் பாடல் அங்கேதான் தொடங்கியது என்பார்கள். கன்னடத்தில் எடுத்த ஹரிச்சந்திராவுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து 1944-ல் வெளியிட்டார், மொழிமாற்றுப் படம் என்ற வழக்கமே அதிலிருந்துதான். பாரதியார் பாடல்களின் உரிமையை வாங்கி வைத்திருந்தார், பிறகு அதை அரசாங்கத்துக்கு விட்டுக்கொடுத்தார். 1945-ல் ஏவிஎம் என்ற பெயரில் நிறுவனம், காரைக்குடியிலேயே ஸ்டுடியோ, 1947-ல் அங்கே எடுத்த நாம் இருவர், மறு ஆண்டு கோடம்பாக்கம். இப்படிப்பட்டவர் கட்டிய நிறுவனத்தின் சின்னத்தில் உருவத்தைவிட மெட்டு நிலைத்ததில் என்ன ஆச்சரியம்.

(அதே காரைக்குடிப் பக்கத்துச் செட்டியார்கள்தான் பினாங்கிலும் பேராக்கிலும் கிட்டங்கி வைத்து வட்டிக்குக் கொடுத்தவர்கள், எங்கள் ஊர்ப்பக்கத்துத் தோட்டங்கள் சிலவற்றுக்குப் பணம் வந்த வழியும் அது. அந்தக் கணக்கை இன்னொரு நாள் பேசலாம்.)

தோட்டத்தில் படம் எப்படிப் போடுவார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் சத்தம் ஏன் முக்கியம் என்பது இன்னும் விளங்கும். சம்பளம் போட்ட வாரம், கோயில் பக்கத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத்துணி கட்டுவார்கள். வேனிலிருந்து மெஷினை இறக்கி மேசை மேல் வைத்து, கொஞ்சம் தள்ளி ஜெனரேட்டரை ஓடவிட்டு, குழாய் ஒலிபெருக்கியை ஒரு கம்பத்தின் உச்சியில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் பார்த்துக் கட்டுவார்கள். பாய் விரித்து முன்னால் இடம் பிடித்தவர்கள் பிடித்தார்கள், மிச்சப்பேர் துணிக்குப் பின்னால். அது மெல்லிய துணி, பின்னாலும் படம் நன்றாகவே தெரியும், என்ன, இடம் வலமாக இருக்கும். பத்திரிகைத் தலைப்பு, கடிதம், பெயர்ப்பலகை எதையும் வாசிக்க முடியாது, கதாநாயகன் இடதுகையால் தாலி கட்டுவார். ஆனால் ஏவிஎம் சின்னத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. அந்த மூன்று ஆங்கில எழுத்துக்களில் ஒவ்வொன்றும் இடவலம் புரட்டினாலும் உருவம் மாறாதவை. அதனால் பின்னால் உட்கார்ந்த எங்களுக்கு அது தப்பாகத் தெரியாது, ஒழுங்கான எழுத்தாக எம்விஏ என்று தெரியும். எம்விஏ என்று ஒரு கம்பெனி இருப்பதாகவே நம்பிய பையன்கள் இருந்தார்கள். மெட்டைக் கேட்டபிறகுதான் சமாதானம்: எழுத்து எப்படி இருந்தால் என்ன, இது அதே ஆள்தான்.

ஜெமினி சின்னத்தில் இந்தக் குழப்பமே வராது. இரண்டு குட்டிப் பையன்கள், ஆளுக்கொரு ஊதுகொம்பு. முன்னால் பார்த்தாலும் பின்னால் பார்த்தாலும் இரட்டையர்கள் இரட்டையர்கள்தான்.

படச்சுருள் தேய்வதும் இதில் சேர்த்தி. பட்டணத்துக் கொட்டகையில் நெடுநாள் படம் ஓட்டிய பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார்: "தம்பி, சுருளோட தலைப்பும் வாலும்தான் முதல்ல அடிபடும். மாட்டுறப்ப, கழட்டுறப்ப, தரையில படுறப்ப எல்லாம் அதுதான் தேயும். சின்னம் எங்க இருக்கு? முதல் சுருளோட தலைப்புல." எங்கள் தோட்டத்துக்கு வரும் பிரதி பல ஊர் பார்த்துவிட்டுத்தான் வரும். சின்னம் வருகிற இடத்தில் திரையில் ஒரே மழைதான். ஒலி பதிந்திருப்பது படத்துக்குப் பக்கவாட்டில் ஓடும் குறுகிய தடத்தில். நடுவில் விழுந்த கீறல் அதைத் தொடாது. கரகரக்கும், டப் டப்பென்று வெடிக்கும், ஆனாலும் மெட்டு பிடிபடும். ஆக, உருவம் அழிந்த பிறகும் மிஞ்சியது மெட்டுதான்.

ஜெமினிக்குத் திரும்புவோம். எஸ். எஸ். வாசன் 1940-ல் சென்னையில் தொடங்கிய ஸ்டுடியோ அது, தீப்பிடித்த ஒரு ஸ்டுடியோவை ஏலத்தில் எடுத்து நடத்திய கதை. அங்கே எடுத்த சந்திரலேகா 1948-ல் வந்தது. சின்னத்தில் ஏன் ஊதுகொம்பு? வடக்கே பிரபாத் நிறுவனத்தின் சின்னத்திலும் ஒரு பெண் வளைந்த கொம்பு ஊதிக்கொண்டு நிற்பாள். பேசும்படம் இந்தியாவுக்கு வந்தது 1931-ல், முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் வந்ததும் அதே ஆண்டுதான். அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்களுக்குப் படம் நகர்கிறது என்பதில் பெருமை எப்போதோ தீர்ந்துவிட்டது, புதுப் பெருமை அது பேசுகிறது என்பதில்தான். சத்தம் போடுகிற ஒரு பொருளையே சின்னமாக வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது, திரையில் கொம்பைக் கண்டவுடன் காதிலும் கொம்பு கேட்டால் ஜனம் வாயைப் பிளந்திருக்கும். ஸ்டுடியோ போய்விட்டது, பக்கத்தில் 1973-ல் திறந்த பாலத்துக்கு அண்ணா பெயர் வைத்தும் ஊர் இன்னும் ஜெமினி பாலம் என்றுதான் சொல்கிறது. ஏவிஎம் 2002-ல் எடுத்த ஒரு படத்துக்கு ஜெமினி என்றே பெயர் வைத்தது இன்னொரு வேடிக்கை.

வெள்ளைக்காரன் கதை இதைவிடச் சுவாரசியம். எம்ஜிஎம் சிங்கம் எல்லாருக்கும் தெரியும், ஆனால் அது ஒரே சிங்கம் இல்லை, காலத்துக்கு ஒன்றாகப் பல சிங்கங்கள். சின்னத்தை யோசித்தது ஹோவர்ட் டயட்ஸ் என்ற விளம்பரக்காரர், 1916-ல், அப்போது அது கோல்ட்வின் கம்பெனிக்கு. 1924-ல் எம்ஜிஎம் உருவானபோது வந்த சிங்கத்தின் பெயர் ஸ்லாட்ஸ், ஊமைப்பட காலம், பெரும்பாலும் தலையைத் திருப்பி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டுப் போய்விடும். 1928-ல் ஜாக்கி என்ற சிங்கம் கர்ஜித்ததுதான் முதலில் ஜனங்களுக்குக் கேட்டது. அதற்கு முந்தின ஆண்டு விளம்பரத்துக்காக அதை விமானத்தில் கொண்டுபோனபோது அரிசோனாவில் விமானம் விழுந்து, விமானியும் பிழைத்து சிங்கமும் பிழைத்த கதை வேறு உண்டு. வண்ணப்படங்களுக்கு டேனர். 1957-லிருந்து லியோ. 2021-ல் உயிருள்ள சிங்கமே வேண்டாம் என்று கணினியில் வரைந்த சிங்கத்துக்கு வந்துவிட்டார்கள்.

அந்தக் கர்ஜனை இருக்கிறதே, அதில்தான் விஷயம். 1982-ல் மார்க் மாங்கினி என்ற ஒலிக்காரரிடம் புதிதாகப் பதிவுசெய்து தரச் சொன்னார்கள். உண்மையான சிங்கத்தின் கர்ஜனை திரைக்கு அவ்வளவு எடுபடவில்லை, அதனால் அவர் புலியின் உறுமலைச் சேர்த்தார். அரசாங்கச் சின்னத்தில் இரண்டு புலிகளை வைத்திருக்கும் நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதை வாசிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. வாயசைப்பது சிங்கம், குரல் புலி. நந்தகுமாரில் செய்ததேதான், பின்னணிக் குரல்.

இதே வித்தையை இங்கிலாந்தில் ரேங்க் நிறுவனம் அதற்கு வெகுகாலம் முன்பே செய்துவிட்டது. சட்டையில்லாத பயில்வான் ஒருவர் ஆளுயர வெண்கலத் தட்டை ஓங்கி அடிப்பார், ஙொய்ங்ங் என்று கொட்டகையே அதிரும். ஆங்கிலேயர் காலத்திலும் அதற்கப்புறமும் இந்த நாட்டுக் கொட்டகைகளில் இங்கிலீஷ் படம் பார்த்த கிராணிமார்களுக்கு, அதாவது தோட்டத்து எழுத்தர்களுக்கு, நன்றாக நினைவிருக்கும். அடித்த பயில்வான்களில் குத்துச்சண்டைக்காரர் பாம்பார்டியர் பில்லி வெல்ஸ் உண்டு, 1952 ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெண்கலம் வாங்கிய கென் ரிச்மண்ட் உண்டு. தட்டு? அது காகிதக்கூழில் செய்த பொம்மைத் தட்டு. நிஜமாக அடித்திருந்தால் ஓட்டைதான் விழுந்திருக்கும். சத்தத்தைத் தனியாகப் பதிவுசெய்தார்கள், வாசித்தவர் ஜேம்ஸ் பிளேட்ஸ் என்ற தாளக்கருவிக் கலைஞர், வாசித்தது சின்ன அளவுத் தட்டில். பயில்வானை மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள், யாரும் கவலைப்படவில்லை. அந்த ஓசையை எடுத்துவிட்டு ஒரு டிரம்மையோ மணியையோ வைத்திருந்தால் அது ரேங்காகவே இருந்திருக்காது.

பாக்ஸ் நிறுவனத்தின் கதையைச் சொன்னால் என் வாதம் இன்னும் பலப்படும். டமடமவென்று முரசு தொடங்கி எக்காளம் எழும்பும் அந்த இசையை ஆல்பிரட் நியூமன் 1933-ல் எழுதியபோது அந்தக் கம்பெனிக்குப் பெயர் டுவென்டியத் செஞ்சுரி பிக்சர்ஸ் மட்டுமே, பாக்ஸோடு சேர்ந்தது 1935-ல்தான். 1950களில் அகலத்திரை வந்தது, இசைக்கு வால் நீட்டினார்கள். நடுவில் அதைக் கிட்டத்தட்டக் கைவிட்டிருந்த காலமும் உண்டு, 1977-ல் ஸ்டார் வார்ஸ் வந்து அதற்கு மறுவாழ்வு கொடுத்தது. 2019-ல் டிஸ்னி வாங்கியது, 2020-ல் பெயரிலிருந்து பாக்ஸையே வெட்டிவிட்டார்கள். இசை மட்டும் அப்படியே வருகிறது. ஆக, பாக்ஸ் சேருவதற்கு முன் பிறந்த மெட்டு பாக்ஸ் போன பிறகும் ஒலிக்கிறது. யூனிவர்சலிலும் இதே நிலைதான். 1997-ல் ஜெரி கோல்ட்ஸ்மித் போட்ட இசை, 2012-ல் நூற்றாண்டுக்கு உருண்டையை முழுக்கப் புதிதாகச் செய்தபோதும் பிரையன் டைலர் அதே மெட்டைத்தான் விரித்து அமைத்தார்.

ஏன் இப்படி? உருவத்தில் காலம் ஒட்டிக்கொள்ளும். யூனிவர்சலின் பழைய உருண்டையை 1927-க்குப் பிறகு ஒரு விமானம் சுற்றிவரும். விமானமே அதிசயமாக இருந்தபோது அது நவீனம், கொஞ்ச நாளில் பழங்காலத்துப் பொம்மை. நம் பக்கத்து உதாரணம் இன்னும் கூர்மையானது. எம்ஜிஆர் பிக்சர்ஸ் சின்னத்தில் ஓர் ஆணும் பெண்ணும் கொடி பிடித்து நிற்பார்கள், கருப்பு சிவப்பு இயக்கம் வளர்ந்துகொண்டிருந்த காலம், 1958-ல் நாடோடி மன்னனுக்கு இங்கே தோட்டத்தில் விசில் பறந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். ரஷ்யாவின் மோஸ்பிலிம் சின்னத்திலும் ஒரு தொழிலாளி ஆணும் பெண்ணும் அரிவாள் சுத்தியலைத் தூக்கி நிற்பார்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாயல் தெரியும். ஆனால் கொடி ஒரு காலத்துக்கும் கட்சிக்கும் சொந்தம். 1972-ல் எம்ஜிஆர் தனிக்கட்சி கண்டபிறகு பழைய படத்தில் அந்தச் சின்னத்தைப் பார்ப்பவருக்குப் படத்தைவிட்டு அரசியல்தான் ஞாபகம் வரும். மெட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

சரி, எல்லாச் சத்தமும் காலத்தைத் தாண்டும் என்றும் சொல்லிவிட முடியாது. ஹாலிவுட்டின் ஆர்கேஓ நிறுவனச் சின்னத்தில் வானொலிக் கோபுரம் உலக உருண்டை மேல் நின்று தந்தி மொழியில் பீப் பீப்பென்று அடிக்கும், அந்தத் தந்தியில் இது ரேடியோ படம் என்ற செய்தியே இருக்கும். தந்தி போனது, அந்த ஒலியும் வயசாளியாகிவிட்டது. அர்த்தம் சொல்லப் போகிற சத்தம் உருவத்தைப் போலவே மூப்படையும் என்று நினைத்தேன், உடனே கே. பாலசந்தரின் கவிதாலயா நினைவுக்கு வந்து காலை வாரிவிட்டது. வள்ளுவர் சிலை, பின்னணியில் அகர முதல எழுத்தெல்லாம். முழுக்க அர்த்தம்தான், ஆனால் இரண்டாயிரம் ஆண்டாக ஜனங்கள் வாயில் இருக்கிற அர்த்தம். தமிழ்ப்பள்ளியில் காலையில் குறள் ஒப்பித்து வளர்ந்த பிள்ளைகள் கொட்டகையில் அதைக் கேட்டால் உதடு தானாக அசையும். 1981-ல் தொடங்கிய நிறுவனம் முதல் குறளைச் சின்னமாக எடுத்துக்கொண்டது புத்திசாலித்தனம், அதற்கு முன்னால் யாருக்கும் தோன்றாதது ஏன் என்றுதான் புரியவில்லை.

வார்னர் மட்டும் என் வாதத்துக்கு அடங்காத ஆள். கேடயம்தான் அவர்களுக்கு எல்லாம், இசை பெரும்பாலும் அந்தந்தப் படத்தினுடையது. கேடயத்தைக் கறுப்பாக்குவார்கள், கல்லாக்குவார்கள், துருப்பிடிக்க வைப்பார்கள், உருவம் வலுவாக இருந்தால் அப்படியும் பிழைக்கலாம் போலிருக்கிறது. அந்தக் கேடயத்தைப் பார்த்துத்தான் நம் பக்கத்துப் படத்தயாரிப்பாளர்களான ஷா சகோதரர்களும் தங்கள் எழுத்து பொறித்த கேடயத்தைச் செய்துகொண்டார்கள். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் அவர்களுடைய ஸ்டுடியோவில்தான் மலாய் நடிகர் பி. ராம்லியின் படங்கள் வந்தன, பி. எஸ். ராஜ்ஹான்ஸ், எல். கிருஷ்ணன் என்று இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள் பலர் அங்கே வேலை பார்த்தார்கள். மலாய்ப்படத்தில் பாட்டும் கண்ணீரும் நமக்குப் பழகின மாதிரி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது ஈப்போவில் பேரங்காடிக் கொட்டகையில் ஒரு தமிழ்ப்படத்துக்குப் போய் உட்காருங்கள். ஒரு சின்னம் முடிந்தால் அடுத்தது, அடுத்தது முடிந்தால் இன்னொன்று. பணம் போட்டவர், தயாரித்தவர், நடிகரின் சொந்தக் கம்பெனி, பாட்டு உரிமை வாங்கியவர், வெளிநாட்டு உரிமை வாங்கியவர், நம் நாட்டில் வெளியிடுபவர். ஒவ்வொன்றிலும் இருட்டிலிருந்து உலோக எழுத்து திரும்பித் திரும்பி வரும், தீப்பொறி பறக்கும், இருக்கைக்கு அடியில் டூம் என்று ஓர் அதிர்வு. எல்லாவற்றுக்கும் அதே டூம். கண்ணை மூடிக்கொண்டு எது யாருடையது என்று சொல்லுங்கள் பார்ப்போம். ஜனங்கள் அந்த நேரத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இதற்குக் காரணம் ரசனை கெட்டுப்போனது என்று புலம்புவது சுலபம், ஆனால் காரணம் தொழிலில் இருக்கிறது. ஏவிஎம் சின்னத்துக்குப் பின்னால் வடபழனியில் ஒரு கட்டடம் இருந்தது, படப்பிடிப்புத் தளங்கள் இருந்தன, மாதச் சம்பளக்காரர்கள் இருந்தார்கள், வாசலில் உருண்டை சுழன்றது. அடுத்த ஆண்டும் படம் வரும், அதற்கடுத்த ஆண்டும் வரும், அதனால் மெட்டு ஒன்றைக் காதில் ஊறவைக்க அவகாசம் இருந்தது. இன்று ஒரு படத்துக்கென்று சேர்ந்த ஆறு கம்பெனி அந்தப் படம் முடிந்தால் கலைந்துவிடும். இரண்டாவது முறை கேட்கப்போகாத சத்தத்துக்கு யார் மெனக்கெடுவார்கள்? இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கிற டூமை வாங்கி ஒட்டிவிடுகிறார்கள்.

நம் நாட்டுத் தமிழ்ப்படக்காரர்கள் விஷயத்தில்தான் எனக்கு ஆதங்கம். பணம் குறைவு, தெரியும், ஒவ்வொரு வெள்ளியையும் (ரிங்கிட்டையும்) எண்ணிச் செலவழிக்கிறார்கள். அதில் ஒரு பங்கை எழுத்து பளபளக்கக் கொடுத்துவிட்டு சத்தத்தைச் சும்மா விட்டுவிடுவது ஏன் என்றுதான் கேட்கிறேன். சென்னைக் கம்பெனி எதற்கும் இல்லாத ஒன்று நமக்கு இருக்கிறது, உறுமி மேளம். இங்கே திருவிழாவானாலும் கல்யாணமானாலும் சாவு வீடானாலும் அது இல்லாமல் நடக்காது, ஜொகூரிலிருந்து கெடாவரை எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் அந்த இழுப்பு இரண்டாவது வினாடியில் தெரிந்துவிடும். நாலு வினாடி உறுமி, நல்ல அறையில் பதிவுசெய்தது, படத்துக்குப் படம் அதே தாளம். வாசிக்கத் தெரிந்த குழு சுங்கை சிப்புட்டிலேயே இருக்கிறது, கேட்டால் ஓர் இரவுச் சம்பளத்துக்கு வந்துவிடுவார்கள்.